கண்ணாடிப் பக்கம்

“சீக்கிரம் எடுங்க. இதுக்கு மேல சிரிச்சா வாய் வலிக்கும்” என்றாள் லென்ஸ்காரரின் மனைவி.

கட்டிலில் இரண்டு தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பவுடர் போட்டு, மகள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் சால்வையைப் போர்த்தியாயிற்று. மூக்குக் கண்ணாடி போட்டால் வயது கூடித் தெரியும் என்று அதையும் கழற்றி வைத்துவிட்டாள். மருந்துப் பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

லென்ஸ்காரர் கேமராவை எடுத்தார். நகைக்கடையில் கல் பார்ப்பது அவர் வேலை. லென்ஸைக் கண்ணில் வைத்தால் போதும், போலிக் கல் அந்த இடத்திலேயே பல்லிளித்துவிடும். அதனால் கடையில் எல்லோருக்கும் அவர் லென்ஸ்காரர்தான்.

அதைக் கேமரா என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். தீப்பெட்டியில் பாதி. திரை கிடையாது. ஒரு பக்கம் மிளகளவு கண்ணாடி, மேலே ஒரு பொத்தான், அவ்வளவுதான். வெளிநாட்டில் படிக்கும் மகள் அனுப்பியது. இவர்களிடம் இருப்பதோ பட்டன் போன். தினமும் அம்மாவை ஒரு படம் எடுத்துச் சார்ஜில் போட்டுவிட்டால் அது தானாகத் தன்னிடம் வந்துவிடும் என்று ஏற்பாடு செய்திருந்தாள். நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

தனக்கு உடம்புக்கு வந்ததும், மகளிடம் அதை மறைக்க மனைவி அதே கேமராவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“அவ பரீட்சை முடியற வரைக்கும் நீங்க மூச்சு விடக் கூடாது. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. நான் சிரிச்சுக்கறேன், நீங்க அமுக்குங்க, போதும்.”

போதும்தான். ஆனால் நேற்று டாக்டர் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவர் இவளிடமும் சொல்லவில்லை. ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகமாம். ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாவம், யாரிடம் போய்ச் சொல்லுவார்?

“என்னங்க, கல்லாட்டம் நிக்கிறீங்க?”

வருஷக்கணக்கான பழக்கம். கண்ணாடி என்று ஒன்று கையில் வந்தால் அது நேரே வலது கண்ணுக்குத்தான் போகும். இதுவும் போனது. நாலு விரல் தள்ளிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ஒன்றும் தெரியாது. இந்தக் காலத்துச் சாமான்களே அப்படித்தான் என்று முதல் நாளே விட்டுவிட்டார்.

அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு! அவருக்குக் கண் கரித்தது. பொத்தானை அமுக்கினார்.

சார்ஜில் போட்டுவிட்டு வெந்நீர் வைக்கப் போனார். கொதிப்பதற்குள் போன் அடித்தது.

“உங்க மகதான். என்னைக் கேக்கவே மாட்டா பாருங்க” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. “படத்துலதான் பாத்துக்கறாளே.”

அதுவும் உண்மைதான். கொஞ்ச நாளாக மகள் போன் பண்ணினால் அவரைப் பற்றித்தான் கேட்பாள். அப்பா, நேத்து சரியா தூங்கலையா? அப்பா, சாப்பிட்டீங்களா?

“சொல்லும்மா” என்றார்.

“டாக்டர் என்னப்பா சொன்னாரு?”

அவர் அடுப்பை அணைத்தார். “எந்த டாக்டர்? அம்மாதான் நல்லா இருக்காளே. படம் வரலையா?”

“வந்துச்சு. ஆனா அம்மா ஒரு படத்துலகூட இல்லப்பா. நீங்க கேமராவைத் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க. எல்லாத்துலயும் உங்க கண்ணு மட்டும்தான் இருக்கு.”

அவர் கை தன்னால் வலது கண்ணைத் தொட்டது.

“முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சேன். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்பல்லாம் அந்தக் கண்ணும் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சிவக்க ஆரம்பிச்சுது. கேட்டா தூக்கம் இல்லன்னீங்க.” பின்னால் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. “இன்னைக்கு அழுதிருக்கீங்கப்பா. நீங்க அழுதா அது அம்மாவுக்காகத்தான் இருக்கும். நான் கிளம்பிட்டேன். பரீட்சை கிடக்கட்டும்.”

போனை வைத்தார். பிறகு முகத்தைக் கழுவித் துடைத்து, வெந்நீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“என்னவாம்? படம் நல்லா வந்திருக்காமா?”

“நல்லா வந்திருக்காம். எல்லாம் தெளிவாத் தெரியுதாம்.”

“நான் சொன்னேன்ல, சிரிச்சா போதும்னு” என்று அவள் சால்வையை இறக்கிவிட்டு, நிம்மதியாகப் படுத்துக்கொண்டாள்.