அறுந்த கயிறு

கம்பெனி பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே பக்க ஜன்னலுக்குச் சாய்ந்துவிட்டார்கள். ஒயின் ஷாப் பார் வாசலில் நின்றவன் வேறு யாருமில்லை, கல்பனாவின் புருஷன் பரணிதரன்.

"அண்ணே, வண்டிய நிறுத்து!" கல்பனா குதித்து இறங்கினாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் அவள் குறுக்கே போன வேகத்துக்கு லாரிக்காரனே மிரண்டு பிரேக் போட்டான்.

பரணியின் காலில் மில் ஷூ, கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. குடியை விட்டுவிட்டதாக அம்மன் கோயிலில் சத்தியம் செய்து கட்டிய கயிறு அது. கட்டிவிட்டவர் கல்பனாவின் நைனா துளசிராமன். 'இவன் திருந்தினாத்தான் எனக்குத் தூக்கம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? ஊது!"

ஊதினான். வாடை இல்லை.

"அப்ப இனிமேத்தான் உள்ள போவப் போறியா? த்தூ! வெக்கமா இல்ல உனக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் நாலு பேர் பார்க்க இப்படி நெஞ்சு எரிந்தால் அவளை அடிப்பான், இல்லையென்றால் போய்க் குடிப்பான். 'அவமானம் வந்தா ஓடாதீங்க, அவமானமா இருக்குன்னு உங்களுக்கு நீங்களே சொல்லுங்க, அடங்கிடும்' என்று மறுவாழ்வு மையத்து சாராள் மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார்.

சொல்லிப் பார்த்தான். எங்கே அடங்குகிறது! ஆனாலும் வாசலை மறித்துக்கொண்டு நின்ற இடத்தை விட்டு அவன் நகரவில்லை.

"வாயத் தொறந்து சொல்லேன்யா, இங்க இன்னா வேலை உனக்கு?"

"நீ ஊட்டுக்குப் போ கல்பனா. நான் ஆட்டோ புடிச்சிக்கினு பின்னாடியே வரேன். சத்தியமா நான் தொடல."

"உன் சத்தியத்த எத்தினி தபா கேட்டிருக்கேன் நானு!"

அவள் நம்பாததற்கு அவளைக் குறை சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தாள் பாருங்கள், அறுந்து மண்ணில் விழுந்தது.

"எங்க நைனா கட்டினது இது. ஒரு குடிகாரன் கையில இருக்கக் கூடாது. நான் அவரு ஊட்டுக்கே போறேன்!"

பரணி குனிந்து கயிற்றை எடுத்தான். கண் கலங்கிவிட்டது, பாவம்.

அப்போது பாரின் தகரத் தடுப்புக்குப் பின்னால் யாரோ தடுமாறிச் சாயும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குழறல்.

"மாப்ளே... செருப்பு கெடச்சுதா? எம் பொண்ணு கல்பனாவுக்கு மட்டும் சொல்லிடாதய்யா!"