வலப்பக்கம் விட்ட இடம்

"அக்கா, இன்னுங் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ராசப்பன் நிக்கறதுக்கு எடம் வேணுமில்லீங்க?" என்றார் நாச்சிமுத்து.

நிற்க இடம் கேட்ட ராசப்பன் பினாங்கில் இருந்தான்.

வெண்ணந்தூரில், அவன் வீட்டு வாசலில், நான் கேமராப் பெட்டியை முக்காலியில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். அவனுடைய அம்மா பாவாயம்மா வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தம்பி நாச்சிமுத்து சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

சேலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு இந்த வேலை புதிதில்லை. ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று போனவர்களுக்கெல்லாம் இப்போது இந்தப் பைத்தியம்தான். இங்கே குடும்பத்தை எடுத்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு அனுப்பிவிட வேண்டும். அங்கே ஒரு ஸ்டூடியோக்காரன் போனவரைக் கோட்டும் டையுமாக எடுத்து, வெட்டி, அந்த இடத்தில் ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் மை தீட்டிக் கொடுத்துவிடுவான்.

ஆயிற்று. குடும்பத்தோடு இருந்தாயிற்று. கப்பல் டிக்கெட்டும் மிச்சம்.

ராசப்பன் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. தொழிலில் எப்படியோ, ஒட்டிக்கொள்வதில் கெட்டிக்காரன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் அவன் அப்பாவை எடுத்தேன். பெரியவரின் உடலைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாத்தி, சரிந்துவிடாமல் இடுப்பில் துண்டைக் கட்டியிருந்தார்கள். பங்காளிகள் சுற்றி நின்றார்கள். பாவாயம்மா உள்ளே பெண்களுக்கு நடுவில் அழுதுகொண்டிருந்தார்.

அன்றைக்குப் பினாங்கிலிருந்து தந்தி வந்திருந்தது. 'காத்திருக்க வேண்டாம். போட்டோ எடுக்கவும். நாற்காலிக்குப் பின்னால் இடம் விடவும்.'

விட்டேன்.

கண்ணாடியும் சட்டமுமாகத் திரும்பி வந்த படம் கூடத்தில் தொங்குகிறது. அப்பனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி மகன் நிற்கிறான். கொள்ளி வைத்த பங்காளிப் பையன் ஓரத்தில் பாதி மறைந்துபோய்விட்டான். எல்லோர் முகத்திலும் வெயில் ஒரு பக்கம் விழுந்திருக்கிறது. ராசப்பன் முகத்தில் மட்டும் மறுபக்கம்.

பார்க்கிற கண் எதையும் பார்ப்பதில்லை. விருந்துக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்று, பெற்றால் இப்படிப் பிள்ளை பெறவேண்டும் என்கிறார்கள். நாச்சிமுத்துவே இப்போது, அன்றைக்குத் தான் ராசப்பன் பக்கத்தில் நின்றதாகச் சொல்லித் திரிகிறார். இன்னும் கொஞ்ச நாள் போனால் கொள்ளி வைத்ததும் அவன்தான் என்பார்.

பாவாயம்மா அந்தப் படத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் பூ விழுந்து மங்கிக்கொண்டு வருகிறது. வெளிச்சம் இருக்கிறபோதே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லி மகனுக்கு எழுத வைத்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு அந்தப் புத்திசாலி பதில் போட்டான். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, வலப்பக்கம் இடம் விட்டு எடுத்து அனுப்பவும். தான் பக்கத்தில் நிற்கிற மாதிரி பெரிய சைஸில் போட்டு அனுப்புவதாகவும், அம்மாவுக்குக் கண் தெரியாவிட்டாலும் அது நன்றாகத் தெரியும் என்றும் எழுதியிருந்தான்.

எனக்கு எரிந்தது. என்ன செய்ய, கூலிக்கு வந்தவன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பெட்டியின் பின்கண்ணாடியில் விழுந்த உருவத்தைப் பார்த்தேன். பாவாயம்மா தலைகீழாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி இடமும் தலைகீழாக இருந்தது.

"அவன் எங்கீங்க சாமி நிப்பான்?" என்று கேட்டார் பாவாயம்மா.

துணியை விலக்கிவிட்டுப் போய், நாற்காலிக்கு வலப்பக்கம் நின்று காட்டினேன். "இங்கீங்கம்மா."

நான் விலகியதும் அவர் அந்தப் பக்கம் கையை நீட்டினார். அந்தரத்தில் மேலும் கீழுமாகத் துழாவினார். பிறந்த குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி மெல்லத்தான் தடவினார். அங்கே காற்றுதான் இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்தார்.

சுவரைத் தடவித் தடவி, என் கேமராவுக்கு எட்டாத தூரம் வரைக்கும் போய், அங்கே தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"இப்ப எடுங்க சாமி. அவன் வந்து நிக்கறப்ப, என்னையும் அப்பிடியே பக்கத்துல ஒட்டிக்கோணும்னு சொல்லிப்போடுங்க."

"கிறுக்குப் புடிச்சுப்போச்சா அக்கா உங்களுக்கு?" என்று நாச்சிமுத்து குதித்தார். மருமகனுக்கு என்ன பதில் எழுதுவதென்று என்னைக் கேட்டார். அதெல்லாம் எனக்கெதற்கு? நான் துணிக்குள் தலையை விட்டேன். நாற்காலியும் காலி, பக்கத்து இடமும் காலி. மூடியைக் கழற்றி, நிதானமாக எடுத்து, மூடினேன். இவ்வளவு மனம் ஒப்பி நான் ஒரு படம் எடுத்ததே இல்லை.

படம் பதிந்த பிளேட்டைப் பெட்டியில் வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கல்யாணத்தின்போது இந்தப் பக்கம் கேமராவே வந்ததில்லை. மகன் கப்பல் ஏறக் கிளம்பிய நாளில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. புருஷன் செத்த அன்றைக்கு அவரை வெளியே விடவில்லை. அவர் முகம் ஒரு படத்திலும் இல்லை.

வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் ராசப்பனுக்கு அம்மாவின் முகம் வேண்டும். அது வெண்ணந்தூரில், தொழுவத்துக் கல்லில், வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.