ஐந்தாம் நம்பர் விளக்கு

பல் டாக்டருக்கு வாயை மூடத் தெரியாது. இருபது வருஷமாக, வாயைப் பிளந்துகொண்டு பதில் பேச முடியாமல் படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு குட்டி தியேட்டர் கட்டிய பிறகு, அந்தப் பேச்சுக்கு இன்னொரு இடமும் கிடைத்துவிட்டது.

ஜன்னல் இல்லாத அறை அது. ஐந்து சாய்வு நாற்காலிகள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதித்த பன்னிரண்டு சின்ன விளக்குகள். ஒவ்வொன்றையும் போனிலிருந்தே தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம், நிறம் மாற்றலாம். நடு நாற்காலி டாக்டருடையது. அதற்கு நேர் மேலே ஐந்தாம் நம்பர் விளக்கு. அந்த நாற்காலியில் அவர் வேறு யாரையும் உட்காரவிட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூக்குக் கண்ணாடியைத் தேடி மாடி ஏறியவர், தியேட்டர் கதவருகே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அவர் மனைவியும், அந்த விளக்குகளைப் போட்டுக் கொடுத்த ஆட்டோமேஷன்காரரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சாம் நம்பர் மட்டும் போதும். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்றாள் மனைவி.

"ஆகாது மேடம். படம் ஆரம்பிச்சதும் அதுவா வேலையைக் காட்டும். இருபது நிமிஷத்துல காரியம் முடிஞ்சிடும்."

"அவருக்குத் தெரிஞ்சிடாதே?"

"தெரியவே தெரியாது. இதுக்கு முன்னால ரெண்டு வீட்ல பண்ணியிருக்கேன். ரெண்டு இடத்துலயும் உட்கார்ந்த ஆள் எழுந்திரிக்கவே இல்ல."

டாக்டர் வந்த வேலையை மறந்தார். பூனை மாதிரி படியிறங்கினார். போன மாதம்தான் இன்சூரன்ஸ் எடுங்கள், எடுங்கள் என்று நச்சரித்து மனைவி அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். விளக்கிலிருந்து என்ன இறங்கும், எப்படி இறங்கும் என்று அவருக்குப் புரியவில்லை. பல்லைப் பிடுங்கத் தெரியுமே தவிர கரன்ட் சமாச்சாரத்தில் அவர் பூஜ்யம்.

போலீஸுக்குப் போகலாமா என்று யோசித்தார். சீலிங்கில் இருக்கும் விளக்கு என்னைக் கொல்லப் பார்க்கிறது என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் முதலில் அவர் வாயை மோந்து பார்ப்பார். தலைவலி என்று சொல்லி இன்றைய ஞாயிற்றுக்கிழமைப் படத்திலிருந்து தப்பித்தாலும், அடுத்த ஞாயிறு வராமலா போய்விடும்? கையும் களவுமாகப் பிடிப்பதுதான் ஒரே வழி. அதற்கு அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது.

மதியம் மைத்துனர் வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிறவர். டாக்டர் இலவசமாகக் கட்டிக் கொடுத்த பல் செட்டை மாட்டிக்கொண்டே, 'பேசினா கடகடங்குது' என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர். அவரைக் கண்டாலே டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கு மட்டும் டாக்டர் அவரைத் தோளில் கை போட்டு மாடிக்கு அழைத்துப் போனார்.

"மச்சான், நீங்க நடுவுல உட்காருங்க. அங்கயிருந்து பார்த்தாத்தான் படம் படமா இருக்கும்."

மைத்துனருக்கு ஒரே ஆச்சரியம். இன்றைக்கு மழை கொட்டப் போகிறது என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை மனசு மாறுவதற்குள் சட்டென்று சாய்ந்துகொண்டார். பின்னால் வந்த மனைவி, "அண்ணா, அது அவரோட இடம்..." என்று இழுத்தாள். அண்ணன் என்றதும் எப்படிப் பதறுகிறாள் பார் என்று டாக்டர் மனசுக்குள் கறுவிக்கொண்டார். இருக்கட்டும், விருந்தாளி நன்றாகப் பார்க்கட்டும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டு, கதவை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்தது. மற்ற விளக்குகள் அணைந்துவிட, ஐந்தாம் நம்பர் மட்டும் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் மெல்ல மெல்ல இறங்கியது. டாக்டர் திரையைப் பார்க்கவே இல்லை. பத்தாவது நிமிஷம் மைத்துனரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதினைந்தாவது நிமிஷம் கை நாற்காலியிலிருந்து நழுவித் தொங்கியது. வாய் திறந்துகொண்டது.

டாக்டர் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். எழுந்து போய் உலுக்கியிருக்கலாம். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று பிற்பாடு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இருபதாவது நிமிஷம் அறையே அதிரும்படி ஒரு குறட்டை வந்தது.

மனைவியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் கொலைகாரன், கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று முன்கூட்டியே சொல்லிச் சொல்லி ஒரு வருஷமாக ஒரு படத்தையும் டாக்டர் முழுசாகப் பார்க்கவிட்டதில்லையாம். அதனால் அவர் தலைக்கு மேலிருக்கும் விளக்கை மட்டும், அந்தி சாய்கிற மாதிரி இறங்கி ஆளைத் தூங்க வைக்கும்படி மாற்றச் சொல்லியிருக்கிறாள்.

"உங்க வாயை மூட எனக்கு வேற வழி தெரியலைங்க" என்றாள்.

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி மேல் பாசம் பொங்கியது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குத்தான் வாயை மூடத் தெரியாதே.

"காலையில நீங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டுட்டு, அந்த விளக்கை வச்சு என்னைத் தீர்த்துக்கட்டப் போறீங்கன்னே முடிவு பண்ணிட்டேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மனைவியும் கண்ணில் நீர் வர அவரோடு சேர்ந்து சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தூங்குகிற அண்ணனைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"அப்படி நெனச்சுக்கிட்டா எங்க அண்ணனை அங்க உட்கார வச்சீங்க?"