ஜன்னல் வழியே ஒரு வயர்

"ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு சார். உள்ளே இருந்த எதையும் எடுக்க முடியாது."

மெக்கானிக் சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதய மருத்துவப் பாடநூல். மூன்று வருட உழைப்பு. இருபத்து நாலு அத்தியாயமும் முடித்தாயிற்று. திங்கட்கிழமை பதிப்பகத்தில் கொடுக்க வேண்டும். இன்று வியாழன்.

"வேற எங்கேயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

"என் கம்ப்யூட்டர், என் ரூம். சாவி என் இடுப்புல. காப்பி எதுக்கு?"

மெக்கானிக் எழுந்தார். காலில் ஏதோ சிக்கியது. ஜன்னலிலிருந்து தொங்கிய அறுந்த வயர்.

"இது என்ன சார்?"

"திருட்டு வயர். மேல் மாடியில என் தம்பி இருக்கான். என் நெட்டை உறிஞ்சத்தான் இதைப் போட்டிருக்கான். எடுடான்னு எத்தனை தடவை சொல்லியனுப்பினேன்! 'இருந்துட்டுப் போகட்டும்'னு பதில் வருது. போன வாரம் நானே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிட்டேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"திருடனுக்குத் தேள் கொட்டினா கத்துவானா?"

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் நாலடி இடம் யாருக்கு என்று ஒரு தகராறு. அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

அதற்குள், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி தம்பியைக் கூப்பிடப் படியேறிவிட்டாள்.

"அவன்கிட்ட போய் நிக்காதே!" என்று இவர் கத்தியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஐந்து நிமிடத்தில் தம்பி இறங்கி வந்தான். கையில் டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அண்ணன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணி, முதல்ல புது டிஸ்க் மாட்டச் சொல்லுங்க."

மெக்கானிக் மாட்டி, எல்லாம் ஏற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தம்பி பெட்டியைச் சொருகினான்.

"அண்ணி, புத்தகத்தை எந்தப் பேர்ல வச்சிருந்தார்னு கேளுங்க."

ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "'இதயம்'னு சொல்லு."

"'இதயம்'னு சொல்றார், தம்பி."

"கேட்டுச்சு அண்ணி."

மெக்கானிக் இருமுவது போல் சிரித்துக்கொண்டார்.

திரையில் ஒவ்வொன்றாக வந்தது. அத்தியாயம் ஒன்று. இரண்டு. மூன்று. அடிக்குறிப்புகள், படங்கள், நேற்று போட்டது போல அப்படியே.

மொழிபெயர்ப்பாளருக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பாத்தியா! நெட்டை மட்டுமா திருடினான்? என் புத்தகத்தையே திருடி வச்சிருக்கான்!"

"கொஞ்சம் சும்மா இருங்க. வர்றது வரட்டும்" என்றாள் மனைவி.

இருபத்து மூன்று வந்தது. அதோடு நின்றுவிட்டது.

"கடைசி அத்தியாயம் எங்கேன்னு கேளு அவனை! திருடினவன் முழுசாத் திருடக் கூடாதா?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் தம்பி திரும்பினான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினான்.

"நீங்க புத்தகம் ஆரம்பிச்ச அன்னிக்கு நான் போட்ட வயர்ண்ணா அது. அன்னிக்கே சொன்னேன், நீங்க காதுல வாங்கல. தினமும் மத்தியானம் நீங்க சாப்பிடப் போற நேரத்துல, எழுதினதெல்லாம் தானா மேலே வந்து இந்தப் பெட்டியில சேரும்."

மொழிபெயர்ப்பாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"கடைசி அத்தியாயத்தை மட்டும், அந்த வயரை வெட்டினதுக்கு அப்புறம் எழுதியிருக்கீங்க."