குதிரைமசால் வயலில் ஒரு குளம்

"யோவ் மத்தேஸ்! உன் உருளைக்கிழங்குக்குத் தண்ணி விடறேன்னு என் வயல்ல குளம் வெட்டி வச்சிருக்கியே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

ஆளுயரப் புதர்வேலியின் இடைவெளியில் மத்தேஸின் தலை தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"நேத்து ஸ்பிரிங்க்ளரைத் திருப்பும்போது கை தவறிடுச்சு, ட்ரீனா. மன்னிச்சுக்கோ."

"மன்னிக்கிற நாளா இது? இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபீசர் வந்துடுவார்!"

ட்ரீனாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. நிலக்கரிக்காக அவள் அப்பாவின் பண்ணையைக் கம்பெனி தோண்டியபோது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இப்போது மகளுக்கே ஆகிவிட்டது. கரி தீர்ந்து, பள்ளத்தை மூடி, மேலே நல்ல மண் பரப்பி, அது தேறுவதற்காக மூன்று வருடம் குதிரைமசால் தீவனப்பயிர் விளைவித்து, ஒருவழியாக இன்றுதான் ஒப்படைக்கிறார்கள். அதிகாரி பார்த்துச் சரி என்றால் கையெழுத்து. அடுத்த மாதமே கோதுமை விதைக்கலாம்.

மத்தேஸுக்கு இதே மாதிரி நிலம் முன்பே கிடைத்திருந்தது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கி, பாதிப் பயிர் அழுகிவிடும். "விவசாயம் தெரியாதவனுக்கு நிலம் கொடுத்தா இப்படித்தான்" என்று ட்ரீனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சர்ச் வாசலில் ஒருமுறை அவர் காதுபடவே சொன்னாள்.

அதிகாரி லாம்பர்ட்ஸ் ரப்பர் பூட்ஸோடு வந்தார். கூடவே கம்பெனிக்காரர், பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

"என்னம்மா இது, மழையா?"

"ஒரு மாசமா ஒரு பொட்டு மழை இல்ல சார். எல்லாம் பக்கத்து வயல் மகராசன் நேத்து தண்ணியத் திருப்பிவிட்ட வேலை."

"நேத்து விட்ட தண்ணி இன்னுமா நிக்குது?"

லாம்பர்ட்ஸ் மண்வெட்டி கேட்டார். முழங்கால் ஆழம் போனதும் வெட்டு இறங்கவில்லை. கீழே மண் தார்ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது.

"மண்ணு ஈரமா இருக்கும்போதே கனமான வண்டிய ஏத்திப் பரப்பியிருக்காங்க. தண்ணி கீழ இறங்காது, வேரும் இறங்காது. இதை நான் ஒப்படைக்க விடமாட்டேன். கம்பெனி செலவுல ஆழமா உடைச்சு, மறுபடி குதிரைமசால் போடணும்."

கம்பெனிக்காரர் பேனாவை மூடினார்.

"அப்போ என் கோதுமை?"

"மூணு வருஷம் பொறுங்க."

ட்ரீனா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அழாதீங்கம்மா. காய்ஞ்ச நிலமா இருந்திருந்தா நானே மேல பச்சையைப் பார்த்துட்டுச் சரின்னிருப்பேன். கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் ஆயுசுக்கும் உங்க தலைவலி. பக்கத்து வயல்காரர் அப்படித்தான் மாட்டிக்கிட்டார். அவர் வாங்கினது நல்ல கோடையில."

கையெழுத்து விருந்துக்கென்று அவள் சுட்டு வைத்திருந்த பால் அரிசி கேக்கில் லாம்பர்ட்ஸ் இரண்டு துண்டு சாப்பிட்டார். கம்பெனிக்காரர் மூன்று.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு மத்தேஸ் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஆனால் அந்த வாய்க்கு அது பழக்கமில்லை.

"உன் கவனக்குறைவாலயும் எனக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. இந்தா, சாப்பிடு."

மத்தேஸ் வாங்கிக்கொண்டார்.

"அடியில மண்ணு இப்படின்னு தெரிஞ்ச ஆளு, ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னேனே, ஈஸ்டர் அன்னிக்கு. நீதான் 'பொறாமையில பேசாதே'ன்னுட்டே."

ட்ரீனாவுக்கு முகம் சிவந்தது. அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

"சரி விடு. பாதித் தண்ணி என் வயலுக்கு வந்துடுச்சே, உன் உருளைக்கிழங்குக்குப் போதுமா?"

"கிழங்கைப் போன வாரமே தோண்டி வித்தாச்சு" என்றார் மத்தேஸ், கேக்கை மென்றுகொண்டே.