குறைச் சுற்று

"இது என்ன, ஈயம் வச்சதா, காக்கா எச்சம் போட்டதா?" என்றார் பல் டாக்டர்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டாக்டர் கையில் இருந்தது மூடி திறந்த ஒரு சோப்பு டப்பாவுக்குள் பொருத்திய சர்க்யூட் போர்டு. அதன் ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் உருண்டை உருண்டையாகத் திரண்டு நின்றது. கொண்டு வந்தவர் வாட்ச் ரிப்பேர்காரர். அவர் ஈயம் வைத்தால் எறும்புத் தலையளவுதான் இருக்கும் என்று அந்தப் பழைய கம்ப்யூட்டர் சங்கம் முழுக்கப் பேர்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தூக்கிப் போட்ட சாமான்களை வைத்துச் செய்த ஒரு கருவியை யாராவது மேசைக்குக் கொண்டு வருவார்கள். அது கை மாறிப் போகும்போது ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது. கொண்டு வந்தவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு அதை டாக்டரின் நாற்பது வயதுக் கம்ப்யூட்டரில் மாட்டுவார்கள். இருபது நிமிடம் தாக்குப்பிடித்தால் சங்கத்து நோட்டில் ஏறும். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் செய்வார்கள்.

மூன்று வருடமாக நோட்டில் ஏறியதெல்லாம் வாட்ச்காரர் செய்தவை. டாக்டர் செய்தது ஒன்றுகூட இல்லை. அதனால் இன்றைக்கு அவருக்கு வாய் கொஞ்சம் இனித்தது.

"கம்பி ஒண்ணு கிழக்கே போகுது, ஒண்ணு மேற்கே போகுது. ரெண்டும் சண்டை போட்டுக்கிச்சா?" என்றார் கணக்கு டீச்சர்.

"எங்க பஸ்ஸு என்ஜினே இதைவிட நறுவிசா இருக்கும்" என்றார் கண்டக்டர். பிறகு டாக்டர் காதருகே குனிந்து, "அவர் சம்சாரம் படுத்ததிலேருந்து மனுஷனுக்குக் கை ஓடலை போல. போதும் விட்டுடுவோம் டாக்டர்" என்றார்.

"வீட்டுக் கஷ்டம் வேற, வேலை வேற. இவர் என் போர்டைக் கிழிச்சப்போ யாராவது விட்டீங்களா?"

டாக்டர் பல் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இந்தச் சிப்பின் காலில் ஈயம் சூடு பிடிக்கவில்லை. இங்கே கம்பியின் தோலை ரொம்ப உரித்தாகிவிட்டது. இந்த மூலையில் போர்டே கருகியிருக்கிறது. ஒன்றையும் விடவில்லை.

அவருக்கு ஒன்றுதான் புரியவில்லை. திட்டத் திட்ட வாட்ச்காரர் முகம் வாடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, பையில் இருந்து ஒரு சீட்டை எடுத்து, ஒவ்வொரு குறையையும் எழுதிக்கொண்டிருந்தார். மகளின் மார்க்கை வாசிக்கக் கேட்கிற அப்பா மாதிரி ஒரு முகம்.

'என்ன ஒரு திமிர்' என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

"இதை என் மெஷின்ல மாட்ட மாட்டேன். ஏதாவது ஷார்ட் ஆச்சுன்னா யார் பொறுப்பு? இந்த உலகத்துல என் மெஷினுக்கு உதிரி பாகம் கிடையாது."

வாட்ச்காரர் வாய் திறக்கக் கூடாது. வழக்கம் அப்படி. ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்டு டாக்டரையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதுவும் டாக்டருக்குப் புதிது.

"மல்டிமீட்டர் எதுக்கு இருக்கு? வச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் டீச்சர்.

மின்சாரம் சரியாக ஓடுமா என்று டாக்டர் மீட்டர் முனையால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். ஐம்பத்திரண்டு இணைப்பு. ஒன்றுகூடத் தப்பில்லை. வேறு வழியில்லாமல் மாட்டினார்.

கேசட்டிலிருந்து புரோகிராம் வாசிக்கிற காலத்துக் கம்ப்யூட்டர் அது. இந்த முறை கேசட் சுற்றவில்லை, நாடா சிக்கவில்லை. கேசட் பிளேயர் செருக வேண்டிய இடத்தில் சோப்பு டப்பா உட்கார்ந்து, மெமரி கார்டிலிருந்து புரோகிராமை ஊட்டியது. திரையில் எழுத்துகள் பச்சையாக இறங்கின. ஐந்து நிமிடம். பத்து. டாக்டர் வேண்டுமென்றே மேசையை ஒரு தட்டுத் தட்டினார். டப்பா அசரவில்லை. இருபது.

"ஓடிடுச்சு" என்று டீச்சர் நோட்டைத் திறந்தார். "வழக்கம்போல உங்க பேர்தானே?"

"இருங்க டீச்சர், கேட்டுச் சொல்றேன்" என்ற வாட்ச்காரர் போனை எடுத்தார். அதை மேசை மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, ஆச்சா?" என்றது மனைவியின் குரல். வார்த்தைகள் கொஞ்சம் குழறி, மெதுவாக வந்தன.

"ஓடிடுச்சும்மா. இருபது நிமிஷம், முழுசா."

"அதை விடுங்க. என்ன சொன்னாங்க?"

"கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க. சீட்டு ரெண்டு பக்கமும் ரொம்பிடுச்சு."

"நான் செஞ்சதுன்னு சொல்லிட்டீங்களா?"

"மூச்சு விடலை. இப்ப நோட்டுல எழுதணுமாம். உன் பேரைச் சொல்லட்டா?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் டப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். போன வருடம் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது அத்தனை பேரும்தான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

"இடது கை" என்றார் வாட்ச்காரர் மெதுவாக. "அஞ்சு மாசம். கம்பியைக்கூடப் பிடிக்க விடலை என்னை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். போனை நோக்கிக் குனிந்தார்.

"அம்மா, நான் பல் டாக்டர் பேசறேன். நீங்கன்னு தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அய்யோ, வாபஸ் வாங்கிடாதீங்க டாக்டர்" என்றது குரல். "ஒரு வருஷமா நான் ஸ்பூனைத் தூக்கினாலே எல்லாரும் கை தட்டறாங்க, இன்னிக்குத்தான் நீங்க என் வேலையை வேலையா மதிச்சுத் திட்டியிருக்கீங்க."