பார்க்கலாம்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் பில் போடும் கம்ப்யூட்டர் சர்வர் நின்றுவிட்டது. பில் வராததால் வாசலில் லாரிகள் விடாமல் ஹாரன் அடித்தன.

"என்னம்மா ஆச்சு?" மேனேஜர் சேதுராமன் கத்தினார்.

"ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற லாக் ஃபைல், டிஸ்க்கையே அடைச்சிருச்சு சார்," என்றாள் கம்ப்யூட்டர் பிரிவு இளவேனில்.

"அழிச்சுத் தொலை!"

"அழிச்சா டேட்டாவே போயிடும் சார். யாரோ ஒரு வேலையைத் திறந்துட்டு முடிக்காம விட்டிருக்காங்க. அது முடிஞ்சாத்தான் லாக் காலியாகும்."

"எந்த மடையன்? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்!"

தேடியவள், தயங்கித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்க கம்ப்யூட்டர்தான் சார். என் நிச்சயதார்த்தத்துக்கு ஸ்ரீரங்கம் போக லீவு கேட்டிருந்தேன். அந்த லீவு விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர்ல திறந்துட்டு, 'பார்க்கலாம்'னு அப்படியே விட்டுட்டீங்க. சரின்னோ இல்லைன்னோ ஒண்ணை அழுத்துங்க. லாரியெல்லாம் காத்துக்கிட்டு நிக்குது."